மலையில் அடிபட்டால் உதவி கேட்பது எப்படி?

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பார்க்கலாம். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து இளைஞர்கள் முதுகுப்பையோடு தேனி, சேலம் பேருந்துகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பையில் பிஸ்கட் இருக்கும், பவர் பேங்க் இருக்கும். விசில் இருக்கிறதா?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் சரிவுகளில் இருந்து காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்ததில் உள்ளூர் மக்களின் பங்கு பெரியது. மலையில் உதவி வந்து சேர நேரமாகும். நாம் இருக்கும் இடத்தைச் சரியாகத் தெரிவித்தால் அந்த நேரம் குறையும்.

முதல் சில நிமிடங்கள்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்றால், அந்த இடத்திலேயே வேறு ஆபத்து இல்லாதவரை அவரை நகர்த்தாதீர்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் கீழே ஓடக் கூடாது.

போனில் கேட்பது

112-க்கு அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் கிடைக்காவிட்டாலும், அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112 அழைப்பு அதன் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. ஆம்புலன்ஸுக்கு 108. டேட்டா கிடைக்கிற இடத்தில் ‘காவல் உதவி’ செயலியின் அவசர பொத்தானையும் அழுத்தலாம்.

அழைப்பை எடுப்பவர் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். "பெரிய பாறைக்குப் பக்கத்துல இருக்கோம்"னு சொன்னால் அவருக்குப் புரியாது. இந்த வரிசையில் சொல்லுங்கள்:

• மாநிலம், மாவட்டம், மலையின் பெயர், ஏறத் தொடங்கிய ஊர். எல்லையோர மலைகளில் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருக்கலாம், அதனால் மாநிலம் முதலில்.
• மேப் செயலியில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். ஜி.பி.எஸ். வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை.
• எத்தனை பேருக்கு, என்ன காயம், நடக்க முடியுமா.

பேச முடியாத அளவுக்கு சிக்னல் குறைவா? இதே விவரத்தை வீட்டுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அழைத்த பிறகு போனை ஆஃப் செய்யாதீர்கள், அவர்கள் திரும்ப அழைப்பார்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து சார்ஜை மிச்சம் பிடியுங்கள்.

சிக்னலே இல்லைன்னா?

விசில்தான் கைகொடுக்கும். கத்தினால் தொண்டை சீக்கிரம் கட்டிவிடும், விசில் சத்தம் அதைவிட தூரம் போகும். உலக அளவில் மலையேறுபவர்களின் கணக்கு இது: ஒரு நிமிஷத்தில் 6 முறை, அதாவது 10 விநாடிக்கு ஒன்று. பிறகு ஒரு நிமிஷம் அமைதி. மறுபடியும் 6. ராத்திரியில் டார்ச்சை இதே கணக்கில் அடியுங்கள். நிமிஷத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அப்போதும் நிறுத்தாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.

ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் மேலே விரித்துத் தூக்குங்கள், ‘உதவி வேண்டும்’ என்று அர்த்தம். ஒரு கையை மட்டும் ஆட்டினால் டாட்டா காட்டுவதாக நினைத்துவிடலாம். வெட்டவெளியில் துணியையோ கற்களையோ பெரிய எக்ஸ் வடிவில் வைத்தால் மருத்துவ உதவி தேவை என்று பொருள்.

புகை போட்டால் தெரியும் என்று தீ மட்டும் மூட்டாதீர்கள். குரங்கணியை மறக்க வேண்டாம்.

கிளம்பும் முன்

அனுமதி உள்ள பாதையில் மட்டும் செல்லுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில், நமக்கு அருகே உள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள் உட்பட 40 பாதைகளுக்கு முன்பதிவு வசதி வந்தது. வழிகாட்டியோடு போகலாம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் 112-க்கு அழைக்கட்டும். உங்கள் போன் செத்துப்போனாலும் தேடல் தொடங்கிவிடும்.

விசிலைப் பைக்குள் போடாமல் கழுத்தில் மாட்டுங்கள். விழும்போது பை வேறு பக்கம் போய்விடலாம்.