பாப்பா கழுத்தில் பட்டாணி!

குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடி விளையாடுகிறது, காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ஆனால், கழுத்தைத் தடவினால் தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி ஏதோ உருளுகிறது. எத்தனை தாய்மார்களின் தூக்கத்தை இந்தப் பட்டாணி கெடுத்திருக்கும்! சமையல் குறிப்பு, கோலம், மாமியார் கதை என்று எல்லாம் எழுதுகிறோம். இதையும் எழுதினால் என்னைப் போல ஒரு தாய்க்காவது உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பின் கழுத்தில், முடி முடிகிற இடத்தில், மூன்று உருண்டைகள் கையில் தட்டுப்பட்டன. தாடைக்குக் கீழே இன்னொன்று. தொட்டால் வலிக்கவில்லை. விரலுக்கு அடியில் நழுவி நழுவிப் போயின. "ஏம்மா கிச்சுகிச்சு மூட்டுற?" என்று அவள் சிரிக்கிறாள். எனக்கோ அடிவயிறு கலங்கியது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நெறி கட்டியிருக்கு. கால்ல முள்ளு குத்துனா கவட்டுல நெறி கட்டுறதில்லையா? அது மாதிரி இது தலையில இருந்து வந்திருக்கு. தலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் வளர்த்த தைரியம். எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

ராத்திரி அவர் வந்ததும் சொன்னேன். செல்போனை எடுத்து எதையோ தேடிப் படித்துக்கொண்டே இருந்தார். "என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டால் பதில் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாப்பாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். எப்போதும் பத்து நிமிடத்தில் குறட்டை விடுகிற மனுஷர், அன்றைக்கு விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ரத்தப் புற்றுநோய் என்று அதில் படித்திருக்கிறார். மறுநாள் காலையில்தான் வாயிலிருந்து வந்தது.

என் பயம் வேறு. என் சின்னம்மா மகளுக்குச் சின்ன வயதில் கழுத்தில் இப்படித்தான் கட்டி வந்தது. முதலில் ஒன்று, பிறகு வரிசையாக மாலை கோர்த்த மாதிரி. கண்டமாலை என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். பெண் பிள்ளையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று சித்தப்பா மூடி மறைத்தார். மந்திரித்தார்கள், பற்றுப் போட்டார்கள். கட்டி உடைந்து சீழ் வடிந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசியால் கட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்று சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டுச் சுத்தமாகக் குணமாகிவிட்டாள். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆனால், கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குக்கூட முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் வருவாள்.

அதனால் திங்கட்கிழமை காலையிலேயே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய்விட்டோம். அதற்குள் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாப்பாவின் கழுத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருத்தி சுண்ணாம்பு தடவச் சொன்னாள். இன்னொருத்தி விளக்கெண்ணெய் போட்டு உருவி விடச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர், "மருந்துக்கடையில கேட்டா கட்டி கரையிற மாத்திரை தருவாங்க" என்றார்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் பார்த்த விதமே எனக்குப் பாதி தைரியம் தந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்ததோடு விடவில்லை. இரண்டு அக்குள், தொடை இடுக்கு, வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார். டார்ச் அடித்துத் தொண்டையையும் பல்லையும் பார்த்தார். எடை போட்டு, பழைய எடையோடு ஒப்பிட்டார். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, காசநோய்க்கு யாரும் மாத்திரை சாப்பிடுகிறார்களா, ராத்திரியில் துணி நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா, பூனை ஏதும் பிராண்டியதா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் பின்னலை அவிழ்த்துத் தலையைப் பிரித்துப் பார்த்தார்.

பேன்! பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு முழுக்கப் பேன் பரவுகிற கதை உங்களுக்குத் தெரியாததா? வாரா வாரம் சீப்புப் போட்டு வாருவேன், அடுத்த வாரமே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். சொறிந்து சொறிந்து காதுக்குப் பின்னால் சின்னச் சின்னப் புண். அது போதாதென்று கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தை ஆரம்பித்திருந்தது.

"உங்க மாமியார் சொன்னது சரிதாம்மா" என்று சிரித்தார் டாக்டரம்மா. உடம்பு முழுக்க இந்த நெறி முடிச்சுகள் இருக்கின்றனவாம். நிணநீர் முடிச்சு என்று பெயர். கிருமியை வடிகட்டி அதோடு சண்டை போடுகிற இடம். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எல்லை உண்டு. தலையில் புண், பொடுகு, பேன் என்றால் பின் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் வீங்கும். பல், ஈறு, தொண்டை என்றால் தாடைக்குக் கீழே. கையில் புண் வந்தால் அக்குளில். காலில் வந்தால் தொடை இடுக்கில். சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிருமியும் புதுசு. அதனால் அவர்களுக்கு இது பெரியவர்களைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தானாகச் சுருங்க ஆரம்பிக்குமாம். சளியும் காய்ச்சலும் போன பிறகும் முடிச்சு மட்டும் பல வாரம், சில பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில்கூடக் கைக்குத் தட்டுப்படலாம். ஒல்லியான குழந்தை என்றால் கழுத்தைத் திருப்பும்போது கண்ணுக்கே தெரியும். ஒரு சென்டிமீட்டருக்குள், அதாவது கொண்டைக்கடலை அளவுக்குள், மெத்தென்று, நழுவுகிற மாதிரி இருந்தால் பயமே வேண்டாம் என்றார்.

"அப்ப ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஒண்ணும் வேண்டாமா மேடம்?" என்று என் கணவர் கேட்டார். "இப்ப எதுவும் வேண்டாம் சார். குழந்தை நல்லா இருக்கா, எடை ஏறியிருக்கு, காரணமும் கண்ணுக்குத் தெரியுது. தலையையும் பல்லையும் சரி பண்ணுங்க. ஆறு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கு அது போதவில்லை. "என்ன ஆனா உடனே வரணும், அதைச் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே தருகிறேன். கட்டி நாளுக்கு நாள் வளர்ந்தாலோ, நெல்லிக்காய் அளவுக்கு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ. கல் மாதிரி கெட்டியாக, நகராமல் ஒட்டிக்கொண்டு இருந்தாலோ. நாலைந்து கட்டி ஒன்றோடொன்று பிணைந்துகொண்டாலோ காட்ட வேண்டும். கழுத்துக் காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வேர்வை, முகம் வெளிறிப் போவது, அடிபடாமலே உடம்பில் கன்றின மாதிரி நீலத் திட்டு வருவது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. கட்டி திடீரென்று சிவந்து, சூடாகி, தொட்டாலே குழந்தை அழுதால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு அன்றைக்கே மருந்து வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும். காதுக்கு முன்னால் கன்னம் வீங்கி, மெல்லும்போது வலித்தால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம், அது வேறு.

சின்னம்மா மகள் விஷயத்தையும் சொன்னேன். காசநோயாகவே இருந்தாலும் இன்றைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றார். குழந்தைக்குக் கையில் ஒரு ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் கட்டியில் ஊசி வைத்து நீர் எடுப்பார்கள். காசநோய் என்று உறுதியானால் சாதாரணமாக ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. கழுத்துக் கட்டியில் மட்டும் இருக்கிற காசநோய், நுரையீரல் காசநோய் மாதிரி இருமலில் அடுத்தவருக்குப் பரவுவதில்லையாம். இதைக் கேட்டதும் சின்னம்மா வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தது ஞாபகம் வந்து எனக்குத் தொண்டையை அடைத்தது.

மருந்துக்கடை மாத்திரையைப் பற்றிச் சொன்னபோதுதான் டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த மாதிரி மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும், உள்ளே உண்மையிலேயே பெரிய நோய் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் மறைத்துவிடும் என்றார். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும். உருவி விடுவதால் முடிச்சு கரையாது, வலியும் வீக்கமும்தான் கூடும். சும்மா சும்மா அமுக்கிப் பார்த்தாலே பெரிதாகத் தெரியுமாம்.

பேனுக்கு ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். பத்து நிமிடம் தலையில் ஊறவைத்து அலசிவிட்டு, ஈரத் தலையில் பேன் சீப்புப் போட்டு வார வேண்டும். ஈறு பொரிந்து வருகிறதைப் பிடிக்க ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். வீட்டில் யார் தலையில் பேன் இருந்தாலும் அதே நாளில் அவர்களுக்கும் போட வேண்டும். அத்தை சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசலாம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் டாக்டரம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அந்த விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடுமாம். தாய்மார்களே, இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் பூசுகிறார்கள்.

பல் டாக்டரிடம் சொத்தையை அடைத்தோம். பால் பல்தானே, விழப்போகிறதுதானே என்று விடக் கூடாதாம். ஆறு வாரம் கழித்துப் போனபோது பின் கழுத்தில் இருந்த மூன்றில் இரண்டு மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தன. மூன்றாவது அப்படியே இருந்தது. தாடைக்குக் கீழே இருந்தது பாதியாகியிருந்தது. டாக்டரம்மா அளந்து எழுதிவிட்டு, "இனி மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்றார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் பழையபடி குறட்டைச் சத்தம்.

இப்போது என் தங்கை கோவில்பட்டியிலிருந்து போன் செய்கிறாள். அவளுடைய மூன்று மாதக் குழந்தைக்கு இடது அக்குளில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டியாம். இதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிறந்ததும் இடது கையில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்களே, அதனால் சில குழந்தைகளுக்கு அந்தப் பக்க அக்குளில் இப்படி நெறி கட்டுவது உண்டாம். சின்னதாக இருந்து, குழந்தையும் நன்றாகப் பால் குடித்தால் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். அமுக்கவோ பற்றுப் போடவோ கூடாது. பெரிதாகிச் சிவந்தாலோ, சீழ் கோர்த்து மெதுமெதுவென்று ஆனாலோ காட்ட வேண்டும் என்றார். வருகிற புதன்கிழமை குழந்தைக்கு அடுத்த தவணைத் தடுப்பூசி போடப் போகிறாள். அங்கேயே டாக்டரிடம் அக்குளையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவள் மாமியார் கையில் விளக்கெண்ணெய் கிண்ணம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு.

- ஒரு வாசகி, சாத்தூர்.