வாச்சாத்திக்குக் கிடைக்காத ஆயுதம்

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்திக்குள், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதால்தான் சி.பி.ஐ. விசாரணையே வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தபோது ஆண்டு 2023.

31 ஆண்டுகள்! வேறு வழியே இல்லையா?

இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1968இல் ஏற்றது. பிறப்பின் அடிப்படையில் ஒதுக்குவதையும் அது தடைசெய்கிறது. 2001இல் இனவெறிக்கு எதிராக நடந்த ஐ.நா. டர்பன் மாநாட்டில் சாதியைப் பற்றியும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. இந்திய அரசு எதிர்த்தது. பிரகடனத்தில் சாதி இடம்பெறவில்லை. அந்த உடன்படிக்கைக்குள் சாதியும் அடங்கும் என்று அதைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு மறு ஆண்டே தெளிவுபடுத்தியது. ஆனால், குழுவின் சொல்லை வேலைத்தலத்தில் நடைமுறைப்படுத்த அங்கே ஆள் வேண்டும். அந்த ஆள் தொழிற்சங்கம்தான்.

1984இல் டப்ளினில் டன்ஸ் கடை ஊழியர்கள், சங்க முடிவின்படி, நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கப் பழங்களைத் தொட மறுத்தார்கள். வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று ஆண்டு நீடித்தது. 1987இல் அயர்லாந்து அரசே அந்தப் பொருள்களுக்குத் தடை போட்டது.

நம் பக்கத்திலும் சங்கத்தால் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலைபார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்திடமே போய் நின்றது. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, பாலினம், சாதி, புலம்பெயர்வு எதை வைத்தும் பாகுபாடு கூடாது. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே ஆலைக்குள் கண்காணிப்பார்கள். நிர்வாகம் மீறினால் வாங்கும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். கொலை நடந்து ஒன்றேகால் ஆண்டுக்குள் இது முடிந்தது. திருப்பூருக்கும் ஓசூருக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தர்மபுரிக் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாச்சாத்தியின் பிரச்சினை வேறு. அங்கே மிரட்டுவதற்கு வாங்குபவர் யாரும் இல்லை. எதிரே நின்றது அரசு. அதற்கும் ஒரு வழி உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின், பழங்குடிகள் பற்றிய 107ஆம் உடன்படிக்கை, வேலையில் பாகுபாடு பற்றிய 111ஆம் உடன்படிக்கை இரண்டையும் இந்தியா ஏற்றிருக்கிறது. ஏற்றதை அரசு மீறினால் அந்த அமைப்பிடமே முறையிடலாம். ஊர்க்காரர்கள் தனியாக அந்த மனுவைப் போட முடியாது, தொழிற்சங்கம் போடலாம்.