ஓடி நின்ற பிறகு ஊதிப் பாருங்கள்

மார்கழி விடியலில் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையில் நின்றால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் காலடிச் சத்தம் வரும். ஆள் பிறகுதான் தெரிவார். எல்லாம் போலீஸ் வேலைக்கும் துணை ராணுவத்துக்கும் தயாராகும் பிள்ளைகள். மத்தியப் படைகளின் காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடி முடித்தாக வேண்டும். அந்த 24 நிமிடத்தைத் துரத்திக்கொண்டுதான் வில்லியனூர், பாகூர் கிராமங்களில் பல வீடுகளில் நாலரை மணிக்கே அலாரம் அடிக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவன், ஓட்டம் முடிந்ததும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பான். "நெஞ்ச அடைக்குதுடா" என்பான். "ஸ்டாமினா பத்தல" என்பான் ஒருத்தன். "கேஸா இருக்கும், ஒரு சோடா அடி" என்பான் இன்னொருத்தன். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஓடும்போது அடைத்ததா, நின்ற பிறகா?

வெறும் பயிற்சிக் குறைவு என்றால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். நின்ற சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். ஓடும்போதே விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாகச் சுருக்கென்று குத்தினால் அது விலாப்பிடிப்பு. வயிறு நிறையத் தின்றோ குடித்தோ ஓடியவர்களுக்கு அதிகம் வரும். நடையைத் தளர்த்தி விலாவை அமுக்கிப் பிடித்தால் போய்விடும். இவை இரண்டையும் பற்றிப் பயம் வேண்டாம்.

நின்ற பிறகு கூடுகிற அடைப்புதான் விநோதமானது. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மூக்கு வழியே இழுக்கிறோம். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. முழு வேகத்தில் ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டும், அதுவும் வாய் வழியே. இப்போது ஈரம் கொடுக்கும் வேலை மூச்சுக்குழாயின் உட்சவ்வின் தலையில் விழுகிறது. கோடையில் மோட்டார் இறைக்கும் வேகத்துக்குக் கிணறு ஊறுவதில்லை அல்லவா, அதே கதைதான். சவ்வு வறண்டு, மிச்ச நீரில் உப்பு கூடுகிறது. அங்கே இருக்கும் சில செல்கள் எரிச்சலடைந்து ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கக்க, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. ஓட்டம் நின்ற 5 முதல் 15 நிமிடத்துக்குள் இறுக்கம் உச்சத்துக்குப் போகும். நெஞ்சுக்குள் விசில் ஊதும், இருமல் வரும், அரை மணி ஒரு மணியில் அடங்கும். நம் ஊரில் இதைப் பொதுவாக வீசிங் என்கிறோம்.

பாகூர்க் காற்று கடலோரக் காற்று, வறண்டதல்ல. அதனால் இங்கே குளிரை விட, அறுவடைத் தூசியையும் வைக்கோல் எரிக்கும் புகையையும், போகி சமயத்து டயர் புகையையும்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

இந்த இறுக்கத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது. பீக் ஃப்ளோ மீட்டர் என்பார்கள். முழங்கை நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். ஓரத்தில் 60 முதல் 800 வரை எண்கள், நகரும் ஒரு முள். பேட்டரி இல்லை. விலை சில நூறு ரூபாய். நின்றபடி மூச்சை முழுக்க இழுத்து, வாயை இறுக்கி, ஒரே ஊதாக வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியேறியது என்பதே அந்த எண். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும்போதுதான் குறுகிய குழாய் அதிகம் தடுக்கும் என்பதால்தான் ஊதச் சொல்கிறார்கள்.

இதைச் செய்தவர் மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த குழுவில் இருந்தவர். 1959-இல் கருவியைப் பற்றி எழுதினார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் போலீஸ் ஊதச் சொல்லும் கருவியின் நவீன வடிவத்துக்கும் இவர் ஒரு காரணம். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த இரண்டாவது கருவிதான் கொஞ்சம் கூடுதல் பழக்கம்.

ஓடும் முன் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறேழு நிமிடம் நன்றாக ஓடி, நின்று, 5, 10, 15-ஆவது நிமிடங்களில் மறுபடி ஊத வேண்டும். 500 ஊதியவன் 400-க்கு இறங்கினால் அது 20 சதவீத வீழ்ச்சி. 15 சதவீதமே சந்தேகத்துக்குப் போதும். அந்தக் குறிப்போடு ஜிப்மருக்கோ வேறு நெஞ்சக மருத்துவரிடமோ போனால், ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊத வைத்து உறுதி செய்வார்கள்.

ஆனால் இந்த ஊதும் குழாய்க்கு இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதய வலியின் நேரக்கணக்கு நேர் எதிர்: உழைக்கும்போது வரும், நின்றால் விடும். வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் 1768-இலேயே இதை விவரித்துவிட்டார். நடக்கையில், அதுவும் மேட்டில் ஏறுகையில், நெஞ்சைப் பிடித்து, நின்றதும் மறையும் வலி. இளம் வயதில் அபூர்வம்தான். ஆனாலும் பரம்பரையாக இதயத் தசை தடித்தவர்களும், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும் நம்மிடையே உண்டு. ஓடும்போது நடு நெஞ்சு அழுத்துவது, வலி கைக்கோ தாடைக்கோ ஏறுவது, கண் இருட்டி விழுவது, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ஊதிப் பார்க்கும் சோதனை கூடாது. ஓட்டத்தை நிறுத்தி முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் முன்னால் ஹீமோகுளோபினைப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தம் குறைந்தால் மாடிப்படியிலேயே மூச்சு வாங்கும்.

வீசிங் உறுதியானால் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. எடுத்ததும் பாய்ந்து ஓடாமல் பத்து நிமிடம் விட்டு விட்டுச் சிறு ஓட்டங்கள் ஓடினால், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் பலருக்கு மூச்சுக்குழாய் அவ்வளவாக இறுகாது. மருத்துவர் இன்ஹேலர் தந்தால் அவர் சொன்ன நேரத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் மருந்தில் இல்லை. "பஃப் எடுத்தா பழகிடும்" என்ற பேச்சில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எத்தனையோ அம்மாக்கள் இன்ஹேலரை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு இதே ஓட்ட இறுக்கம் இருந்தது. அந்த 67 பேர் வாங்கிய பதக்கங்கள் 41.