வாசல்ல ஒரு புறத்திணை!

வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை... ஸ்கூல்ல தமிழ் ஐயா முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஆநிரை கவர்ந்தா வெட்சி, மதில் காத்தா நொச்சி. ஒரு மார்க் வாங்கினதோட மறந்தாச்சு. ஆனா அந்த வெட்சி நம்ம தெருவுலயேதான் இருக்கு. பிள்ளையார் கோயில் வாசல்ல செக்கச்செவேல்னு கொத்துக் கொத்தா பூத்திருக்கும். சின்ன வயசுல காம்பை உருவித் தேன் உறிஞ்சியிருப்பீங்க. யெஸ்... இட்லிப்பூ! அதேதான் பாஸ், வெட்சி.

இப்ப எதுக்கு இந்தப் பாடம்? புதுசா வீடு கட்டி முடிச்சதும், 'முன்னாடி ஏதாச்சும் செடி வைக்கணும், என்னான்னு பாருடா'ங்கற வேலை காலேஜ் போற பிள்ளை தலையிலதான் விழும். நாமளும் நெட்டைத் திறப்போம். எங்கே பார்த்தாலும் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி புல்வெளி. மயங்கிடுவோம். அங்கேதான் சிக்கல்!

மேடவாக்கம் பக்கம் ஒரு நண்பன் வீட்டுல 2018-ல் கிரகப்பிரவேசம். வாசல்ல 200 சதுர அடிக்குக் கொரியன் புல். அடுத்த வருஷம், 2019 ஜூன்ல, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு சென்னைக்குத் தண்ணி தர்ற நாலு ஏரியும் கிட்டத்தட்ட காய்ஞ்சு போச்சு. தெருவே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னுது. ஒரு சின்ன கணக்கு போடுங்க. வெயில் காலத்துல அந்தப் புல் தரையிலிருந்து தினம் 5 மில்லிமீட்டர் தண்ணி ஆவியாகுதுன்னு வெச்சாகூட, 200 சதுர அடிக்குச் சுமார் 90 லிட்டர். ஆறு குடம். ஒரு நாளைக்கு! 'பாத்திரம் கழுவவே தண்ணி இல்ல, புல்லுக்கு ஊத்தணுமா?'ன்னு அவங்கம்மா கேட்டாங்க. யாராலயும் பதில் சொல்ல முடியலை. பதினைஞ்சே நாள்ல புல் வைக்கோல் ஆயிடுச்சு.

அதே தெருவுல, காலி மனையில யாரும் வைக்காம, யாரும் ஊத்தாம ஒரு ஆவாரஞ்செடி மஞ்சளா பூத்துக்கிட்டு நின்னுது. நம்ம ஊர்ச் செடின்னா இதுதான். இங்கத்த மே மாசமும் இங்கத்த டிசம்பரும் அதுக்குப் பழக்கம். பக்கத்துத் தெலங்கானாவுக்கு இதுதான் மாநில மலர். நம்ம நர்சரிகள்ல கேட்டாலோ, 'அது காட்டுச்செடி தம்பி'ன்னு ஒரு மாதிரி பார்ப்பாங்க.

சரி, வாசலுக்கு என்னென்ன வைக்கலாம்? வேலிக்கு யோசிக்காம நொச்சி. ஆடு, மாடு வாய் வைக்காது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். சளி பிடிச்சா ஆவி பிடிக்க இலை, கொசு வந்தா புகை போடவும் அதே இலை. மதில் காக்கற திணைக்கு இந்தப் பேரை வெச்சவங்க விவரமானவங்கதான்! கூடவே ஆடாதோடையும் வைக்கலாம். பேர்லயே இருக்கு பாருங்க, ஆடு தொடாதுன்னு.

நிழலுக்குப் புங்கன். வெயில் ஏறுற நேரத்துல இலையைக் கொட்டிட்டு, சட்டுனு புதுத் தளிர் விட்டுக் குளுகுளுன்னு நிக்கும். போர் தண்ணி உப்பா, வீடு கடலோரமா? அப்போ பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே மரம்தான். சமையலறைப் பக்கம் ஒரு கறிவேப்பிலை. அதுல காக்கா எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா அவசரப்பட்டுத் தட்டிவிடாதீங்க. அது பட்டாம்பூச்சிப் புழுவா இருக்கலாம். நாலு இலை தின்னுட்டுப் போகட்டுமே!

அதுக்காக நம்ம ஊர்ச் செடின்னா கண்ணை மூடிக்கிட்டு வைக்கறதும் தப்பு. நம்ம இட்லிப்பூவே உப்புத் தண்ணிக்கு முகம் சுளிக்கும், இலையெல்லாம் மஞ்சளாயிடும். வாகையை அரை கிரவுண்டு வீட்டுல வைக்க முடியாது, அது ராட்சசன். அரச மரம் சுவரைப் பிளக்கும். நம்ம மாநில மலர் செங்காந்தள் பார்க்க அழகு, ஆனா கிழங்கு உட்பட முழுக்க விஷம். குழந்தைங்க இருக்கற வீட்டுல வேண்டவே வேண்டாம்.

வெளியூர்ச் செடி எல்லாம் வில்லனும் இல்லை. காகிதப்பூ தென் அமெரிக்கா, நித்யகல்யாணி மடகாஸ்கர். ரெண்டுமே பாவம், தேமேன்னு கிடந்து பூக்கும். பயப்பட வேண்டியது வேற ரகத்துக்கு. உண்ணிச்செடியை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அழகுச் செடியாத்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகள்ல யானை தின்னும் புல்லு முளைக்க இடம் விடாம மண்டிக் கிடக்குது. சீக்கிரம் வளரும், பச்சைச் சுவர் மாதிரி இருக்கும்னு விற்ற கோனோகார்பஸுக்கு 2023-ல் குஜராத்தும், 2025-ல் தமிழ்நாடும் தடை போட்டுச்சு. 'சீக்கிரம் வளரும்'னு நர்சரிக்காரர் சொன்னா, 'எங்கே வரைக்கும்ணே?'ன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் ஞாபகம் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டின காத்துல சென்னையில ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ஞ்சுது. தூங்குமூஞ்சி, குல்மோஹர், பெருங்கொன்றை ரோட்டை மறிச்சுக் கிடந்த காட்சியை மறக்க முடியுமா? அடிமரத்தைச் சுத்தி சிமென்ட் பூசி வேரை நெரிச்சு வெச்சிருந்தா எந்த ஊர் மரமும் விழத்தான் செய்யும். மூணடியாவது மண்ணை விடுங்க.

நர்சரியில ஆளுயரக் கன்னைப் பார்த்து ஆசைப்படாதீங்க. பையோட அடியில வேர் சுருண்டு சுத்தியிருந்தா, வளர்ந்த பிறகும் பிடிப்பு இருக்காது. முழங்கால் உயரக் கன்னு போதும். வேலிக்குப் போத்து நடலாம், ஆனா மரத்துக்கு விதையிலிருந்து வந்த கன்னுதான் சரி. போத்துக்கு ஆணிவேர் கிடையாதே! புங்கங்காய் தெருவுலயே கொட்டிக் கிடக்கும், பொறுக்கிப் போட்டா முளைக்கும். நடறதுக்கு ஐப்பசி மழைதான் நல்ல நேரம், பாதி வேலையை வானம் பார்த்துக்கும். ஆனா முதல் கோடைக்கு மட்டும் வாரம் ரெண்டு தடவை தண்ணி ஊத்தியே ஆகணும். என்னதான் முரட்டுச் செடின்னாலும் குழந்தை குழந்தைதான். அடியில காஞ்ச சருகைப் போட்டு மூடி வைங்க. மழையோட மழையா தும்பை தானா முளைச்சா, களைன்னு பிடுங்காதீங்க.

நொச்சிப் போத்துக்கு நர்சரிக்குப் போய்க் காசைக் கொட்டாதீங்க. ஊர்ப்பக்கம் யார் வீட்டு வேலியிலயாவது இருக்கும். கேட்டுட்டு நாலு குச்சி ஒடிச்சுக்குங்க. கேக்காம ஒடிச்சா அது வெட்சித் திணை!