பதினாறு மில்லி செகண்ட்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இலக்கியம், திருத்தலம் பற்றியெல்லாம் எழுத எனக்குத் தகுதியில்லை என்று நழுவப் பார்த்தேன். "நம்ம பசங்கள்ல பாதிப் பேர் எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறாங்க, அதையே எழுதுங்க" என்றார்கள். ஆகவே, 2009-ல் புணேயில் எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடிப் பெண் கடைசி வருட ப்ராஜெக்டில் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

அவள் செய்தது பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் ஓடும் எல்.ஈ.டி. பலகை. மராத்தியோடு தமிழிலும் பெயர் ஓட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எழுத்து வடிவங்களே இடத்தை அடைத்துக்கொண்டதில் ப்ரோக்ராம் 24 கிலோபைட் ஆகிவிட்டது. சிப், 8051 குடும்பத்து பி89வி51ஆர்டி2. கல்லூரியின் பழைய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இருந்ததால் இரண்டரை நிமிஷத்தில் ப்ரோக்ராம் ஏறிவிடும். வீட்டு லேப்டாப்பில் அது இல்லை. தப்கீர் கல்லியில் ஒரு யூ.எஸ்.பி.-சீரியல் அடாப்டர் வாங்கி மாட்டினாள். அதே ப்ரோக்ராம் ஏற 18 நிமிஷம்! ஒரு புள்ளியைத் திருத்தினாலும் மறுபடி 18 நிமிஷம். தேர்வுக்கு நாலே நாள். கேபிளை மாற்றி, இரண்டு சிப்பையும் மாற்றிவிட்டு, கண் கலங்க என் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், சிப் டூப்ளிகேட்டா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார்."

"வேகத்தை மாத்திப் பார்த்தியாம்மா?"

"9600-ஐ 19200 ஆக்கினேன் அங்கிள். ஒரு நிமிஷம் கூடக் குறையல."

அவள் சொன்ன இந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் தெரிந்துவிட்டது. பாதையில் வேகம் போதாமல் தாமதம் என்றால், வேகத்தை இரட்டிப்பாக்கியதும் நேரம் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் நேரம் பயணத்தில் போகவில்லை, எங்கோ காத்திருப்பதில் போகிறது.

எங்கே? அவள் பயன்படுத்தியது கல்லூரி சீனியர் ஒருவர் எழுதிய டவுன்லோடர். அது ஒரு எழுத்தை அனுப்பும். சிப் அதையே எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். அது வந்த பிறகே அடுத்த எழுத்து போகும். 24 கிலோபைட் என்பது ஹெக்ஸ் ஃபைலில் வரிக்கு 16 பைட் வீதம் 1,536 வரி. வரிக்கு 45 எழுத்து. மொத்தம் 69,120 எழுத்து, அத்தனை தடவை காத்திருப்பு.

யூ.எஸ்.பி.யில் எந்தக் கருவியும் தானாகப் பேசாது, கம்ப்யூட்டர் கேட்டால்தான் கொடுக்கும். அவள் அடாப்டரில் இருந்த எஃப்.டி.232ஆர் சிப், வந்த எழுத்தை உடனே கொடுத்துவிடாமல் சேர்த்து வைக்கும். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான். 62 எழுத்து சேர்ந்தால் வண்டி கிளம்பும். சேராவிட்டால் 16 மில்லி செகண்ட் ஆனதும் இருப்பதை ஏற்றிக்கொண்டு கிளம்பும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஏராளமான தகவல் ஒரே மூச்சில் வரும் வேலைக்கு இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் இங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஒரே ஒரு பயணி! 69,120-ஐ 16 மில்லி செகண்டால் பெருக்கினால் சுமார் 1,106 செகண்ட், அதாவது 18 நிமிஷம் சொச்சம். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "அப்போ என் சிப் மேல தப்பே இல்லையா?" என்றாள். மாற்றிய சிப்புகளுக்குக் கொடுத்த காசுதான் அப்போது அவள் நினைவுக்கு வந்திருக்கும்.

மருந்து சின்னதுதான். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், போர்ட்ஸ் பகுதியில் அந்த காம் போர்ட்டின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று உள்ளே போனால் 'லேட்டன்சி டைமர்' இருக்கும். 16-ஐ 1 ஆக்கினோம். லினக்ஸ்காரர்களுக்கு இதே பெயரில் ஒரு சிறு ஃபைல் உண்டு. அதில் 1 என்று எழுத வேண்டும். வேறு நிறுவன சிப் உள்ள அடாப்டர்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. வாங்கும்போதே எந்த சிப் என்று கேட்டுவிடுங்கள்.

நாலு நிமிஷத்துக்கு வந்தது. எனக்குத் திருப்தி, அவளுக்கு இல்லை. அந்த சிப் ஒவ்வொரு ஹெக்ஸ் வரியும் சரியாகச் சேர்ந்ததும் ஒரு புள்ளியை அனுப்பும். எழுத்து எழுத்தாகக் காத்திருக்காமல் வரிக்கு ஒரு தடவை அந்தப் புள்ளிக்கு மட்டும் காத்திருந்தால் போதாதா என்று அவளே கேட்டாள். அது எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று ராத்திரியே டவுன்லோடரைத் திருத்தினாள். 9600 வேகத்திலேயே ஒன்றரை நிமிஷம் சொச்சத்தில் ஏறியது. சீனியர் எழுதியதாயிற்றே என்று அதுவரை அதைத் தொடப் பயந்திருக்கிறாள்.

தேர்வு நாளன்று அவள் அடாப்டரைத் தோழி வாங்கிப் போய்விட, இரவல் அடாப்டரை மாட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் புது காம் எண், டைமரும் பழையபடி 16. தேர்வாளரோ, "ஊர்ப் பெயரை மாற்றிக் காட்டு" என்றிருக்கிறார். பதற்றத்தில் அவள் டைமரைத் தொடவே மறந்துவிட்டாள். ஆனால் இப்போது காத்திருப்பு வரிக்கு ஒன்றுதானே! இரண்டு நிமிஷத்துக்குள் பலகையில் 'கும்பகோணம்' ஓடியதாம்.

சாயங்காலம் அவள் அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார்.