செவிக்குச் செலவு – 9: ஒரு ஓம் சமாச்சாரம்

சென்ற வாரம் கேபிள். போதுமான தடிமன் இருந்தால் சாதாரண விளக்கு வயரே போதும் என்று முடித்திருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் ஞாபகப்படுத்த வேண்டாம். புதிதாக வந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் அறையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போகிற வழியில் ஆம்ப்ளிஃபயரை இரண்டு பத்தியில் தாண்டிவிடலாம் என்று நினைத்து 1985ஆம் ஆண்டுக் கதை ஒன்றைக் கையில் எடுத்தேன். அது என்னை விடுவதாக இல்லை. அறை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சாந்தா ஃபே என்று ஓர் ஊர். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகை அப்போது அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1962இல் அதைத் தொடங்கியவர் ஜே. கோர்டன் ஹோல்ட். மீட்டர் என்ன காட்டினாலும் சரி, காதால் கேட்டுத்தான் தீர்ப்பு என்பது பத்திரிகையின் கொள்கை. அவர்களிடம் போய் வம்புக்கு நின்றார் பாப் கார்வர். இவர் சாதாரண ஆள் இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே 'ஃபேஸ் லீனியர் 700' என்று சேனலுக்கு 350 வாட்ஸ் தரும் ஆம்ப் செய்து விற்றவர். வீட்டுக்குள் அவ்வளவு வாட்ஸ் எதற்கு என்று அந்தக் காலத்தில் எல்லோரும் வாய் பிளந்தார்கள்.

கார்வர் விட்ட சவால் இதுதான்: நீங்கள் கொண்டாடும் எந்த ஆம்பை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், விலை எவ்வளவானாலும் பரவாயில்லை, 48 மணி நேரத்தில் என்னுடைய மலிவு டிரான்சிஸ்டர் ஆம்பை அச்சு அசலாக அதைப் போலவே ஒலிக்க வைக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் பல ஆயிரம் டாலர் விலையுள்ள வால்வு ஆம்ப் ஒன்றை அவர் முன்னால் வைத்தார்கள். பின்னால் எழுதிய கட்டுரையில் அதன் பெயரைச் சொல்லவில்லை. கார்வருடைய ஆம்ப் சில நூறு டாலர்தான். அவர் ஹோட்டல் அறையில் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்தார்.

என்னைக் கட்டிப்போட்டது அவர் கையாண்ட சோதனை. வழக்கமாக ஸ்பீக்கரின் ஒரு வயர் ஆம்பின் சிவப்பு முனைக்கும் இன்னொன்று கறுப்பு முனைக்கும் போகும். கார்வர் இரண்டு ஆம்புக்கும் ஒரே இசையைக் கொடுத்தார். ஸ்பீக்கரின் ஒரு வயரை முதல் ஆம்பின் சிவப்பிலும், மற்றதை இரண்டாவது ஆம்பின் சிவப்பிலும் மாட்டினார். இரண்டும் ஒரே வோல்டேஜைத் தந்தால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது பூஜ்யம். சமமாக நிற்கும் தராசில் முள் அசையாத மாதிரி, ஸ்பீக்கர் வாயே திறக்காது. ஏதாவது சத்தம் வந்தால் அதுதான் இரண்டு ஆம்புக்கும் உள்ள வித்தியாசம். வேறு எதுவும் அதில் கலந்திருக்காது. இத்தனை ஆண்டுகளாக "மேடை அகலமாகிறது", "குரலில் ஈரம் இருக்கிறது" என்றெல்லாம் நாம் வர்ணித்துக்கொண்டிருந்தோமே, அந்த வித்தியாசத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறார் மனிதர்!

கேட்பார், எதையோ மாற்றுவார், மறுபடி கேட்பார். கடைசியில் மிச்சம் நின்ற வித்தியாசம் இசையைவிட 70 டெசிபல் கீழே போய்விட்டது. வோல்டேஜ் கணக்கில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹோல்ட்டும் பதிப்பாளர் லாரி ஆர்ச்சிபால்டும் உட்கார்ந்து கேட்டார்கள். எது எது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்டோபர் இதழில் அதை ஒப்புக்கொண்டு எழுதவும் செய்தார்கள்.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. அதே மாற்றங்களோடு கார்வர் செய்து கடைக்கு வந்த ஆம்ப்கள் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை என்று அதே பத்திரிகை பின்னால் எழுதியது. சண்டை நீதிமன்றம் வரை போனது. ஒரு பொருளைக் கையால் இழைத்து ஒத்துப்போக வைப்பது வேறு, ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. ஆனால் ஹோல்ட் 2007இல் கொடுத்த பேட்டியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மறைத்துச் சோதிக்க மறுத்ததால்தான் 1980களில் இந்தத் தொழில் தன் நம்பகத்தன்மையை இழந்தது என்கிறார். காதே நீதிபதி என்று பத்திரிகை தொடங்கியவர் சொல்வது இது.

சரி, கார்வர் உள்ளே என்னதான் செய்தார்? பெரும்பகுதி விடை பலரும் கவனிக்காத ஓர் எண்ணில் இருக்கிறது. மின்தடை 8 ஓம் என்று பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பீக்கர் உண்மையில் எல்லா இடத்திலும் 8 ஓம் இல்லை. ஓர் அதிர்வெண்ணில் 5 ஓம் இருக்கும், இன்னொன்றில் 30 ஓம்கூட இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இது பொருட்டில்லை. அதன் உள்மின்தடை மிகக் குறைவு. வால்வு ஆம்பில் அந்தத் தடை கணிசமாக இருக்கும். அதனால் ஸ்பீக்கரின் ஓம் ஏறுகிற இடத்தில் ஒலியும் லேசாக ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும். வால்வின் 'இதம்' என்று ரசிகர்கள் உருகுவதில் பெரும்பங்கு இந்த ஏற்ற இறக்கம்தான். வித்தியாசம் பொய்யில்லை, காதுக்குக் கேட்கும். ஆனால் அதன் விலை? கார்வர் பின்னாளில் தொடங்கிய 'சன்ஃபயர்' நிறுவனத்தின் ஆம்பில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள் வைத்தார். ஒன்று வழக்கமானது. வால்வு சுபாவம் வேண்டுவோருக்கான இன்னொன்றில் கூடுதலாகச் சேர்ந்தது சுமார் ஒரு ஓம் தடை. ஒரே ஒரு ஓம்! சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால் டீ, வடை செலவுக்குள் ஒரு ஓம் ரெசிஸ்டர் கிடைக்கும்.

ஹோல்ட் சொன்ன கண்ணை மறைத்த சோதனையை, 1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை பெரிய அளவில் செய்து பார்த்தது. 220 டாலர் ரிசீவரிலிருந்து ஜோடி 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை வரிசையாக வைத்து, 25 பேரை உட்காரவைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். வந்த விடைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாணயம் சுண்டியிருந்தாலும் அதே கணக்குத்தான் வந்திருக்கும்.

நங்கநல்லூரில் நண்பர் ஒருவர் புது ஆம்ப் வாங்கினார். விலையைச் சொன்னால் அவர் மாமனாருக்குத் தெரிந்துவிடும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டு எனக்கு வகுப்பே எடுத்தார். "இப்போ வயலின் பாருங்க, காத்துல மிதக்குது." திரைக்குப் பின்னால் நின்று வயர் மாற்றும் பொறுப்பு அவர் மனைவிக்கு. எல்லாம் முடிந்து காபி கொடுக்கும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, பாதி தடவை நான் வயரைத் தொடவே இல்ல."

நண்பரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நம் எல்லோர் காதும் அப்படித்தான். ஆகவே செக்கில் கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டியது:

முதலில் சத்த அளவைச் சமமாக்குங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகத் தோன்றும். ஷோரூமில் விலை கூடிய ஆம்புக்கு மாற்றும்போது விற்பனையாளரின் கை வால்யூமைத் தொடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்கலாம். ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதில் 2.02ஐத் தாண்டக் கூடாது. அது 0.1 டெசிபலுக்குள் அடங்கும்.

இரண்டாவது, திரையும் நாணயமும். பூ விழுந்தால் ஓர் ஆம்ப், தலை விழுந்தால் மற்றது. 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால் ஏதோ கேட்கிறது என்று நம்பலாம். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வருவது நூற்றில் நான்கு முறைதான்.

மூன்றாவது, வாட்ஸ் மயக்கம் வேண்டாம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

கார்வரின் சிவப்புக்குச் சிவப்பு இணைப்பை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும் பிரிட்ஜ் வகை ஆம்பாக இருந்தால் வித்தியாசத்துக்குப் பதில் புகைதான் வரும்.

நல்ல நிலையில் இருக்கும் ஆம்பை, சக்தி போதவில்லை என்றால் தவிர, மாற்றுவதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். அதற்கும் முன்னால் அறைக்கு. பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஸ்வரம் சுவரோரம் வீங்கும், நடு அறையில் காணாமல் போகும். லட்ச ரூபாய் ஆம்ப் வந்தாலும் அதைத் திருத்தாது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் மாறிவிடும். அதன் கணக்கு அடுத்த வாரம், இந்த முறை நிச்சயமாக. உங்கள் அறையின் நீள அகல உயரத்தை அளந்து, உட்காரும் இடம் பின்சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும் குறித்து வையுங்கள். அந்த எண்கள் இல்லாமல் அடுத்த வாரக் கட்டுரை உங்களுக்குப் பயன்படாது.

(தொடரும்)