மணப்பாறையைத் தேடும் கணினி

ரயில் நிலையப் பலகையில் மணப்பாறையின் ஆங்கிலப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கும். முறுக்குக் கடையின் ரசீதில் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரில் எல்லாமே சின்ன எழுத்து. நமக்கு ஒரே ஊர். கணினிக்கோ மூன்று வேறு சொற்கள்.

நீண்ட உரையில் குறிப்பிட்ட வடிவில் உள்ள சொற்களைத் தேட நிரலாளர்கள் எழுதும் வாய்பாடுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ். கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் வகுத்ததை, 1968-ல் கென் தாம்சன் உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். அந்த வாய்பாட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளைதான் ஃபிளாக். ஆங்கில 'ஐ' எழுத்தைச் சேர்த்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு மறையும். மூன்று மணப்பாறையும் அகப்படும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 'ஜி' சேர்க்காவிட்டால் முதல் மணப்பாறையோடு தேடல் நின்றுவிடும்.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. ஆகவே 'ஐ' நமக்குப் பயன்படாது. நம் சிக்கல் வேறு, இன்னும் ஆழமானது: எது எழுத்து?

மணப்பாறை என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் அது எட்டுக் குறியீடு; புள்ளி, துணைக்கால், இணைக்கொம்பு மூன்றும் தனித்தனியே நிற்கும். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ரெஜெக்ஸ் இந்த மூன்றையும் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. சொற்களைப் பிரித்துத் தரச் சொன்னால் 'மணப', 'ப', 'ற' என்று மூன்று துண்டுகளைத் தருகிறது. வாக்காளர் பெயரோ நூலகப் பட்டியலோ இப்படிச் சிதைந்தால் அது சின்னப் பிழையா? ஒருவரின் பெயரே காணாமல் போகும்.

ஜாவா என்ற நிரல்மொழியில் நிலைமை முதலில் இன்னும் மோசம். தமிழ் எழுத்து ஒன்றைக்கூட அது சொல்லின் பகுதியாகக் கருதாது. ஆனால் 'யூனிகோட் கேரக்டர் கிளாஸ்' என்ற ஃபிளாகை இட்டால், அதே வாய்பாடு மணப்பாறையை முழுசாகப் பிடித்துவிடும். ஒரு ஃபிளாக் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பைத்தானில் இதற்கு ஈடான ஃபிளாக் இல்லை. ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே உள்ள தனித் தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுத்து, குறி என்ற யூனிகோட் வகைகளைக் கேட்டுத் தேடலாம். 2018-ல் வந்த வசதி அது. அதற்கு 'யூ' அல்லது 'வி' ஃபிளாக் கட்டாயம். மறந்துவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. வகையைக் குறிக்கும் 'பி'யை வெறும் ஆங்கில எழுத்தாக எடுத்துக்கொண்டு, தமிழ் உரை முழுவதும் அதைத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும்.